குன்னூர் பணிமனையில் டர்பைன் ஜெட்டுக்கு முதல் பறத்தல் சோதனை: ஒரு மதிப்பீடு

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையை ஒட்டியுள்ள சிறிய ஏரோமாடலிங் பணிமனை ஒன்று, டர்பைன் என்னும் குட்டி ஜெட் என்ஜின் பொருத்தி ரேடியோவால் இயக்கும் மாதிரி ஜெட்களை முதல் பறத்தலுக்கு முன் சோதித்துத் தருகிறது. பத்து கிலோ உந்துவிசை கொண்டதாக விற்கப்படும் என்ஜினைப் பொருத்தி நான் கட்டிய ஜெட்டை அங்கே ஒப்படைத்தேன்.

விமானத்தைக் கட்டிப்போட்டு, தராசில் இழுவையை அளந்தபோது, என்ஜின் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளை ஒட்டிய தன் முழு வேகத்தை எட்டியும், முள் எட்டு கிலோவுக்கு அருகிலேயே நின்றுவிட்டது. என்ஜின் பழுது என்று நினைக்கத் தோன்றும் இடம் இது. ஆனால் தயாரிப்பாளர்கள் தரும் உந்துவிசைக் கணக்கு கடல்மட்டத்துக்கும் 15 டிகிரி வெப்பத்துக்கும் உரியது. சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் காற்றின் அடர்த்தி அதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றில் எரிபொருள் மிகுந்து வால்பக்கம் தீப்பிழம்பு நீளாதிருக்க, தொடக்கத்தில் பம்ப் தரும் அளவைக் குறைத்து வைத்தார்கள். பெரும்பாலோர் முதல் பறத்தலுக்குச் சமவெளிக்கே இறங்குவார்கள் என்பதால், அங்கே இந்த அமைப்பை மீண்டும் சரிபார்த்தாக வேண்டும் என்பதையும், அங்கும் வெயில் 35 டிகிரியைத் தொட்டால் முழு பத்து கிலோ கிடைக்காது என்பதையும் எழுதியே கொடுத்தார்கள். இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது இந்தத் தாளைத்தான்.

எரிபொருள் குழாயில் ஒரு குமிழி நுழைந்தாலும் என்ஜின் வானத்தில் அணைந்துவிடக்கூடும் என்பதால், இணைப்புகள் ஒவ்வொன்றையும், குமிழிகளைப் பிடித்து நிறுத்தும் சிறு தொட்டியான ஏர் டிராப் (air trap) வரை பொறுமையாகப் பார்த்தார்கள். ஈர்ப்பு மையத்தைப் பெரிய தொட்டி காலியாகவும் ஏர் டிராப் நிரம்பியும் இருக்கும் நிலையில் அளந்தது சரியான முறை. ரேடியோ சிக்னல் அறுந்தால் என்ஜின் தானாக நின்றுவிடுகிறதா என்று டிரான்ஸ்மிட்டரை அணைத்தே சோதித்தார்கள். சக்கரங்கள், பிரேக் ஆகியவற்றில் குறையில்லை. எரிபொருளாக டீசலும் ஐந்து சதவீத டர்பைன் ஆயிலும் கலந்து பயன்படுத்துகிறார்கள். ரேஷன் கடையின் நீலச்சாய மண்ணெண்ணெயை யார் கொண்டுவந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்பதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

குறைகளும் உண்டு. என்ஜின் ஓட்டத்தின்போது வெப்பநிலை, சுழற்சி ஆகியவற்றின் பதிவைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. கேட்காதவருக்கு வெறும் கையொப்பமே மிஞ்சும். தீயணைப்பு உருளை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் பார்க்க வந்தவர்களை வால்பக்கத்திலிருந்து விலக்கி நிறுத்த ஒரு கயிறு கூடக் கட்டப்படவில்லை. உடன் வந்து பறத்திக் காட்டும் வழக்கம் இல்லை என்பதால், ஜெட் அனுபவம் இல்லாதவர்கள் தேர்ந்த விமானி ஒருவரைத் தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அருகில் வெலிங்டன் ராணுவப் பகுதி இருப்பதால் பணிமனையில் என்ஜினை ஓட்டிப் பார்ப்பதோடு சரி. பறக்கத் தேர்ந்தெடுக்கும் இடம் எந்த வான்மண்டலத்தில் வருகிறது என்பதை, 2021 ட்ரோன் விதிகளின்படியான வரைபடத்தில் உரிமையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனை திறந்த முற்றத்தில் நடப்பதால் அக்டோபர், நவம்பர் மழையில் நாட்கள் வீணாகும். ஜனவரிக்குப் பின், மூடுபனி ஏறாத முற்பகலுக்கு நேரம் கேட்டு வாங்குவது நல்லது.