வாங்கிட்டு அப்பளத் தராசுல நிறுத்துப் பாத்த ரீஃபர்பிஷ்டு லேப்டாப்

முதல்லயே சொல்லிருதேன், நான் கம்ப்யூட்டர் படிச்ச ஆளு கிடையாது, கணக்கு எழுதுத ஆளு. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவின்னு இந்த லைன்ல இருக்க சின்னச் சின்ன கடைகளுக்கு டேலிங்குத கணக்கு சாப்ட்வேர்ல கணக்கு போட்டு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் பைல் பண்ணிக் குடுக்கேன். ஆபீஸ்னு ஒண்ணும் கிடையாது, என் ஆபீஸ் என் தோள்பை தான். காலைல செங்கோட்டை லைன் பாசஞ்சர்ல ஏறுனா ஒரு ஊர்ல இறங்கி, அங்க முடிச்சிட்டு பஸ்ஸப் புடிச்சு அடுத்த ஊரு. பழைய லேப்டாப் பதினஞ்சரை இஞ்சு, சார்ஜரே ஒரு செங்கல் கணக்கா இருக்கும். ரெண்டு வருஷமா வலது தோள்ல வலி, டாக்டர் கிட்ட போனா அவரு எக்ஸ்ரே பாக்குததுக்கு முன்னாடி பைய தூக்கிப் பாத்துட்டு சிரிக்காரு.

அதுக்கு மேல 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் முடிஞ்சு போச்சு. என்னோடது இன்டெல் பிராசசர்ல ஏழாவது ஜெனரேஷன் (தலைமுறை) ஐ3, விண்டோஸ் 11 அதுல ஏறாதுன்னு அதுவே மெசேஜ் காட்டிருச்சு. அடுத்தவங்க ஜிஎஸ்டி பாஸ்வேர்ட வச்சுக்கிட்டு அப்டேட் வராத மெஷின்ல எத்தன நாள் ஓட்ட முடியும்? கையில இருந்தது 25 ஆயிரம், அதுக்கு மேல ஒரு ரூவா கூட கிடையாது.

அந்தக் காசுக்கு புதுசும் பாக்காம இல்ல. கிடைக்கிறது எல்லாம் பிளாஸ்டிக் பாடி, அடிமட்ட பிராசசர், முக்கால்வாசி திரும்பவும் அதே பதினஞ்சரை இஞ்சு. எடை குறைஞ்ச மாடல் புதுசா வேணும்னா இதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல கேக்காவ. தங்கச்சி மவன் மேக்புக் ஏர் எம்1 பழசு பாருங்க பெரியம்மைன்னான், 1.29 கிலோ தான், அழகாவும் இருக்கும், ஆனா டேலி விண்டோஸ்ல தானடே ஓடும்னேன், அவன் ஏதோ வர்ச்சுவல் மெஷின்னு ஆரம்பிச்சான், காபியக் குடிச்சிட்டு கிளம்புலேன்னுட்டேன். இன்னொண்ணு, எனக்கு ரெண்டு பிரைவேட் லிமிடெட் கிளையண்ட் உண்டு, அவங்களுக்கு பைல் பண்ணணும்னா டிஎஸ்சி டோக்கன (டிஜிட்டல் கையெழுத்து இருக்க, பென்டிரைவ் மாதிரி சாமான்) சொருகணும், அதுக்கு பெரிய யூஎஸ்பி ஓட்டை வேணும், மேக்புக் ஏர்ல இருக்கது டைப் சி மட்டும்.

அப்போ ரீஃபர்பிஷ்டு தான், அதாவது பழச சரி பண்ணி திரும்ப விக்குத சரக்கு. திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் ஒரு கடை இருக்கு, பேரு வேண்டாம், ஏன்னு அப்புறம் புரியும். மாடியில கடை, உள்ள போனா கருவாடு அடுக்குன மாதிரி வரிசையா லேப்டாப்பா கிடக்கு. எல்லாம் கம்பெனிக்காரங்க மூணு நாலு வருஷம் லீசுக்கு ஓட்டிட்டு மொத்தமா கழிச்சு விடுத சரக்கு. மேல ஏ கிரேடு பி கிரேடுன்னு ஸ்டிக்கர் ஒட்டிருப்பாவ, அந்த கிரேடுக்கு பொதுவா ஒரு அளவுகோலும் கிடையாது, கடைக்காரர் கண்ணுக்கு என்ன தோணுதோ அது தான் கிரேடு, அதனால ஸ்டிக்கர பாக்காதீங்க, மூடிய தொறந்து மூடிப் பாருங்க, கீல் லூசா இருந்தா அங்கனயே தெரிஞ்சிரும்.

நான் போகும்போது ஒரே ஒரு விஷயத்துல உறுதியா இருந்தேன், எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ வேண்டாம். விண்டோஸ் 11 மட்டும் காரணம் இல்ல. ஏழாவது ஜெனரேஷன் வரைக்கும் இந்த மெலிசு லேப்டாப்புல வார ஐ5க்கு ரெண்டே கோர் (பிராசசருக்குள்ள வேலை செய்யுத மூளை) தான், எட்டாவதுல நாலு கோர் ஆக்கிட்டான். ரெண்டுக்கும் கடையில விலை வித்தியாசம் ரெண்டாயிரமோ மூவாயிரமோ தான். ஐ7னு ஸ்டிக்கர் பாத்து ஆறாவது ஜெனரேஷன எடுத்துட்டுப் போறவங்கள அங்கனயே பாத்தேன், எனக்கு ஆறல, ஆனா நாம என்ன சொல்ல.

மூணு மாடல் எடுத்து வச்சாவ. லெனோவா திங்க்பேட் எக்ஸ்280, டெல் லாட்டிட்யூட் 7390, ஹெச்பி எலைட்புக் 830 ஜி5. திங்க்பேட் கீபோர்ட தொட்டுப் பாத்தாலே ஆசை வரும், எடையும் குறைவு, ஆனா அதுல ராம் போர்டோட சேத்து பத்த வச்சது, 8 ஜிபின்னா கடைசி வரைக்கும் 8 தான். டெல்லு நல்லா தான் இருந்துது, ஆனா அந்த பீஸ்ல கீபோர்டு வேற ஏதோ நாட்டுக்காரன் லேஅவுட், மேல இங்கிலீஷ் ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காவ, சுரண்டுனா கீழ வேற எழுத்து. ஹெச்பில ராமுக்கு ரெண்டு ஸ்லாட், டோக்கனுக்கு பெரிய யூஎஸ்பி ரெண்டு, டைப் சிலயும் சார்ஜ் ஏறும், எடை 1.33 கிலோல ஆரம்பம்னு ஸ்பெக்ல போட்டிருக்கான். அதையே எடுத்தேன். 8 ஜிபி ராம், 256 எஸ்எஸ்டியோட 19,500.

இதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. 830ல சில பீஸ்ல ஷ்யூர் வியூன்னு ஒரு ஸ்கிரீன் வரும், பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு செஞ்சது. எஃப்2 கீ தட்டுனா ஆஃப் ஆகும், ஆனா ஆஃப்ல இருந்தாலும் சைடுல இருந்து பாத்தா கொஞ்சம் மங்கலாத் தான் தெரியும். பாசஞ்சர்ல உக்காந்து அடுத்தவன் கணக்கு பாக்குத எனக்கு அது நல்லது தானன்னு முதல்ல நினைச்சேன், அப்புறம் கடை முதலாளி பக்கத்துல உக்காந்து "எங்க யம்மா, ஒண்ணும் தெரியலயே"ன்னு கழுத்த நீட்டுவாவளே, அதான் வேண்டாம்னு சாதா ஸ்கிரீன் பீஸா கேட்டு வாங்குனேன்.

இனி சங்கதிக்கு வாரேன், பேட்டரி. "பேட்டரி ஹெல்த் 80க்கு மேலக்கா, நானே செக் பண்ணது"ன்னு கடைத் தம்பி சத்தியம் பண்ணான். நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். கணக்கு எழுதுதவ, அடுத்தவன் பில்ல பத்து தடவ சரி பாக்குதவ, எனக்குன்னு வரும்போது வாய்க்கணக்க நம்பிட்டேன் பாத்தியளா. வீட்டுக்கு வந்து கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜின்னு ஒரு கட்டளை போட்டு பேட்டரி ரிப்போர்ட் எடுத்தா, டிசைன் கெபாசிட்டி (புதுசுல தாங்குனது) 49 ஆயிரத்து சொச்சம் மில்லிவாட் அவர், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போ தாங்குதது) 28 ஆயிரம். வகுத்தா 57 சதவீதம். ரெண்டு மணி நேரத்துல உசுரு போயிருது, வீரவநல்லூர்ல ஆரம்பிச்ச பில்லு அம்பைல முடியுததுக்குள்ள.

மறுநாள் அந்த ரிப்போர்ட்ட பிரிண்ட் எடுத்துட்டு போனேன். தம்பி "அது அப்படித் தான் காட்டும், ரெண்டு மூணு தடவ ஃபுல்லா சார்ஜ் போட்டா சரியாயிரும்"ன்னான். ஆவாது, செல்லு தேஞ்சா தேஞ்சது தான். நான் ஒண்ணும் சத்தம் போடல, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன், வாரவன் போறவன்லாம் என்னக்கா பிரச்சினன்னு கேக்க, நானும் பேப்பர காட்ட, அரைமணி நேரத்துல முதலாளி அண்ணாச்சியே உள்ள இருந்து வந்துட்டாவ. "விடுங்க யம்மா, நாலு பீஸ் தொறந்து பாப்போம், எது நல்லா இருக்கோ அத கொண்டு போங்க"ன்னாவ. அதுல ஒண்ணு 41 ஆயிரம் காட்டிச்சு, கிட்டத்தட்ட 84 சதவீதம். அதையே மாத்தி வாங்கிட்டு வந்தேன். சரக்கு கெட்டதுன்னு சொல்ல மாட்டேன், அண்ணாச்சியும் நியாயமான ஆளு தான், ஆனா பேப்பர் இல்லாம போயிருந்தா அந்த பீஸு என் தலையில தான். ரிப்போர்ட் எடுக்க ஒரு நிமிஷம் கூட ஆவாது, பில் போடுததுக்கு முன்னாடி கடையிலயே எடுக்கச் சொல்லுங்க. எடுக்க மாட்டேன்னா அடுத்த கடை.

அங்க இருக்கும்போதே ரெண்டாவது பீஸ்ல வேற ரெண்டு காரியமும் பாத்துக்கிட்டேன். ஆன் பண்ணும்போது எஃப்10 தட்டி பயோஸ்க்குள்ள (விண்டோஸ் வாரதுக்கு முன்னாடி உள்ள செட்டிங்ஸ்) போனேன், பாஸ்வேர்டு கேக்காம தொறந்துது. கேட்டா அது பழைய கம்பெனி போட்ட பூட்டு, பின்னால நாம அலையணும். அப்புறம் பில்லு, சீரியல் நம்பர் போட்டு தான் வேணும்னு நின்னு வாங்குனேன், நாளைக்கு திருட்டு சரக்குன்னு யாரும் வந்து நின்னா கையில காட்ட ஒண்ணு வேணும்லா. பழைய சாமானுக்கு மார்ஜின் ஸ்கீம்ல பில் போட்டா வியாபாரி வாங்குன விலைக்கும் வித்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் தான் வரி கட்டுவாவ, இன்புட் கிரெடிட்டு (வாங்கும்போது கட்டுன வரிய நம்ம வரில கழிச்சுக்கிறது) எடுக்கலாம்னு கனவோட போறவங்க முதல்லயே கேட்டுக்கோங்க. என் தொழில் புத்தி, விட்டுருங்க.

வீட்டுக்கு வந்த உடனே பண்ண முதல் வேலை, கடைக்காரர் போட்டுக் குடுத்த விண்டோஸ அழிச்சது. அதுல ஆபீஸ் எல்லாம் ஃப்ரீயா ஆக்டிவேட் ஆகி இருந்துது, ஃப்ரீன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். மைக்ரோசாப்ட் சைட்ல இருந்து 8 ஜிபி பென்டிரைவ்ல இறக்கி புதுசா போட்டேன், ஒரிஜினல் லைசென்ஸ் கீ பயோஸ்லயே இருந்ததால நெட் குடுத்த உடனே தானா ஆக்டிவேட் ஆயிருச்சு. டேலிக்கு மட்டும் பழைய மெஷின்ல லைசென்ஸ சரண்டர் பண்ணிட்டு இதுல ஆக்டிவேட் பண்ணணும், அத மறந்துட்டு பழச பேரீச்சம்பழத்துக்கு போட்டுறாதீங்க. ராம் இன்னொரு 8 ஜிபி பழசா ஒண்ணு சேத்தேன், 2,200 ஆச்சு.

நாலு மாசம் ஆகுது. டேலி, பிரௌசர்ல ஜிஎஸ்டி போர்ட்டல், ஒரு எக்செல்னு ஓட்டுனா நாலரை மணி நேரம் நிக்குது. போன் சார்ஜர்லயே ஏறும், ஆனா எல்லா போன் சார்ஜரும் ஆவாது, பிடி (பவர் டெலிவரி) சப்போர்ட் உள்ள, வாட்ஸ் கூடுன சார்ஜரா இருக்கணும். குறைன்னா ஒண்ணே ஒண்ணு, பதிமூணு இஞ்சு மெஷின்ல நம்பர் பேட் கிடையாது. மேல உள்ள வரிசையில நம்பர் அடிச்சு அடிச்சு முத வாரம் அழுகையே வந்துட்டு. 600 ரூவாக்கு தனியா ஒரு யூஎஸ்பி நம்பேடு வாங்கி பையில போட்டேன்.

அந்த நம்பேட பாத்துட்டு தான் கல்லிடைல அப்பளக் கம்பெனி அண்ணாச்சி ஒரு நாள் "எடை குறையணும்னு புதுசு வாங்கிட்டு, ஒவ்வொண்ணா உள்ள திணிக்கியளே"ன்னாவ. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனா அவிய வேற சாமானும் விக்கிறதால மாசாமாசம் நான் போவேன். சரி நிறுத்துப் பாத்துருவோம்னு அப்பளம் நிறுக்குத எலக்ட்ரானிக் தராசுல வச்சோம். மறுநாள் பழசையும் கொண்டு போனேன். பழசு 2.24, சார்ஜர் 430 கிராம். புதுசு 1.37, சார்ஜர் 270, நம்பேடு 130. "அப்போ தொள்ளாயிரம் கிராம் மிச்சம், 200 கிராம் பாக்கெட் நாலரை"ன்னு அண்ணாச்சி மனக்கணக்கு போட்டாவ, என்ன விட வேகம். தோள் வலி நின்னுட்டான்னா, முழுசா இல்ல, ஆனா இப்போ டாக்டர் சிரிக்கல.

அவிய மவ காலேஜ் சேரப் போறா, அவளுக்கும் அதே கடையில ஒண்ணு பாத்து வாங்கிக் குடுக்கணுமாம். போலாம். நீங்களும் கூட வரணும்னா சொல்லுங்க, ஆனா 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடையில போன் பண்ணிராதீங்க, ரிட்டர்ன் நேரம், எடுக்க மாட்டேன்.