கலவைச் சிவப்பு ஒயின்: போர்தோ, மெரிடேஜ், சூப்பர் டஸ்கன் – எந்தப் பெயரை நம்பலாம்?

காபர்னே சாவின்யோன், மெர்லோ என்ற இரண்டு திராட்சை ரகங்களைக் கலந்து சிவப்பு ஒயின் செய்தால் அதற்கு என்ன பெயர்? எந்த நாட்டில் கலந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரான்சின் போர்தோவில் ஊர்ப் பெயரே போதும். கலிஃபோர்னியாவில் மெரிடேஜ் என்று போடலாம். இத்தாலியின் டஸ்கனியில் செய்தால் சூப்பர் டஸ்கன் என்பார்கள். பாட்டிலைக் கையில் எடுப்பவருக்கு இவற்றில் எது அதிகம் சொல்கிறது?

போர்தோவிலிருந்து தொடங்குவோம். பேர்பெற்ற பாட்டில்களின் முன்பக்க லேபிளில் திராட்சையின் பெயரே பெரும்பாலும் இருக்காது. ஊரைப் பார்த்து நீங்களே புரிந்துகொள்ள வேண்டும். ஜிரோன்ட் கழிமுகத்தின் இடக்கரையில் சரளை மண். வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், தாமதமாகப் பழுக்கும் காபர்னேவுக்கு அது தோது. வலக்கரையில், சாந்த்-எமிலியோன், பொமரோல் பக்கம், குளிர்ந்த களிமண்ணும் சுண்ணாம்பும். அங்கே மெர்லோவின் கைதான் ஓங்கியிருக்கும். ஆக, "பொமரோல்" என்ற ஒரு சொல்லைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று பழகியவருக்குத் தெரிந்துவிடும். பழகாதவருக்கு ஒன்றும் தெரியாது.

கலப்பதற்கு ருசி மட்டும் காரணமில்லை. அட்லாண்டிக் கடலோர வானிலையை நம்ப முடியாது. வசந்தத்தில் உறைபனி விழுந்தால், சீக்கிரம் துளிர்க்கும் மெர்லோ அடிபடும். அறுவடைக்கு முன் மழை பிடித்துக்கொண்டால் காபர்னே சரியாகப் பழுக்காது. இரண்டையும் நட்டவர் ஒன்று போனாலும் மற்றதில் பிழைத்துக்கொள்வார். 1956-ல் வந்த கடுங்குளிரில் மால்பெக் என்ற இன்னொரு ரகத்தின் கொடிகள் பெருமளவு பட்டுப்போயின. அதன் பிறகு பல தோட்டங்களில் அந்த இடத்துக்கு மெர்லோ வந்தது.

கலிஃபோர்னியாவின் சிக்கல் வேறு. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு திராட்சையின் பெயரை லேபிளில் போட அந்த ரகம் குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். அருமையான கலவை ஒன்றில் காபர்னே 70 சதவீதம்தான் என்றால், அந்தப் பெயர் கிடையாது. மிஞ்சுவது "சிவப்பு டேபிள் ஒயின்" என்ற வெறும் பெயர். மலிவுச் சரக்குக்கும் அதுவேதான். போர்தோ என்ற பெயரையும் தொட முடியாது. 1988-ல் தயாரிப்பாளர்கள் சிலர் கூடி, பெயர் வைக்கப் போட்டி நடத்தினார்கள். குவிந்த ஆயிரக்கணக்கான பெயர்களில் வென்றதுதான் மெரிடேஜ். போர்தோ ரகங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், எதுவும் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. சங்கத்தில் சேர்ந்து கட்டணம் கட்டியவர்களே பெயரைப் பயன்படுத்தலாம். நாணயமான விதிதான். ஆனால் மண்ணைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. அதே பாணிக் கலவையான ஓபஸ் ஒன் என்ற கலிஃபோர்னிய ஒயின் அந்தப் பெயர் இல்லாமலேயே பெரும் விலைக்குப் போகிறது.

இத்தாலியில் விதியை மீறியதால்தான் பெயரே வந்தது. டஸ்கனியின் பேர்பெற்ற சிவப்பு ஒயின் கியாந்தி. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால், 1967 விதிகளின்படி சாஞ்சோவேசே என்ற சிவப்புத் திராட்சையுடன் கொஞ்சம் வெள்ளைத் திராட்சையையும் கலந்தே ஆக வேண்டியிருந்தது. ஒயினை நீர்த்துப்போக வைக்கிறது என்று அதை வெறுத்த, ஒயின் தயாரிக்கும் அந்தினோரி குடும்பம், 1971 விளைச்சலில் வந்த டின்யானெல்லோ என்ற ஒயினைக் கியாந்தி என்ற பெயரே இல்லாமல் விற்றது; சில ஆண்டுகளில் வெள்ளைத் திராட்சையை அறவே விட்டுக் காபர்னேவைச் சேர்த்துக்கொண்டது. டஸ்கனிக் கடலோரத்துப் போல்கேரியில் விளைந்த சாஸ்ஸிகாயா என்ற ஒயினோ கிட்டத்தட்ட முழுக்கக் காபர்னே வகைதான். அந்நாளில் இரண்டும் சட்டப்படி கடைசித் தரமான சாதா டேபிள் ஒயின்தான்; விலையோ உச்சத்தில் இருந்தது. 'சூப்பர் டஸ்கன்' என்பது சந்தை சூட்டிய பட்டப்பெயர். அதற்குச் சட்டத்தில் இடமில்லை, கலவை விகிதமும் இல்லை. உள்ளே சாஞ்சோவேசே இருக்கலாம், வெறும் மெர்லோவாகவும் இருக்கலாம்.

புதிதாக வாங்குபவருக்கு மெரிடேஜ் குழப்பமில்லாதது. கொஞ்சம் படிக்கத் தயாராக இருப்பவருக்குப் போர்தோவை விட்டால் வேறில்லை. கரையும் ஊரும் தெரிந்துவிட்டால் லேபிள் பேச ஆரம்பித்துவிடும். என் ஓட்டு அதற்குத்தான். சூப்பர் டஸ்கனில் தயாரிப்பாளரின் பெயரை மட்டும் பாருங்கள். பட்டத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். கியாந்தியின் மூலப் பகுதியான கியாந்தி கிளாசிக்கோ 2006 விளைச்சலிலிருந்து வெள்ளைத் திராட்சையை அடியோடு தடை செய்துவிட்டது, காபர்னேவுக்கும் 20 சதவீதம் வரை இடம் உண்டு. இன்றைய டின்யானெல்லோ ஏறக்குறைய அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். இருந்தும் லேபிளில் 'தொஸ்கானா' (டஸ்கனியின் இத்தாலியப் பெயர்) என்றுதான் போட்டுக்கொள்கிறது.