நாலு டாக்டர், நாலு சீட்டு, ஒரே உடம்பு

"இவருக்கு மனநல மாத்திரை போகுதுல்ல? அப்ப அந்த டாக்டரையே பாத்துருங்க."

தனியார் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் இந்த ஒரு பேச்சோடு சித்தப்பாவைப் பார்ப்பது முடிந்துவிட்டது. வயது எழுபதுக்கு மேல். டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தும் அளவுக்குக் கை உதறுகிறது. சில நாட்களாக வயிற்றுப்போக்கு. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறார், பேச்சு குழறுகிறது, அன்று காலையில் பெற்ற மகனையே யாரென்று கேட்டிருக்கிறார். மூளைக்கு சி.டி. ஸ்கேன் எழுதி அரை மணியில் எடுத்தும் கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் அதற்கே பாதி ராத்திரி காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். சுகர், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் எல்லாம் பார்த்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் பழி பழைய வியாதி மேல் விழுந்தது. இருமுனைக் கோளாறுக்காக, அதாவது மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் வியாதிக்காக, முப்பது வருஷமாக லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்று நோட்டிலேயே எழுதியிருந்தது. ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

பெரிய உதறல், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், குழறல், குழப்பம். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு இவை சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லித்தியம் நச்சைத்தான், அதாவது ரத்தத்தில் லித்தியம் அளவுக்கு மிஞ்சி ஏறிவிட்டதா என்பதைத்தான். லித்தியம் சாப்பிடுபவர்கள் பலருக்குச் சாதாரணமாகவே விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருக்கும், அது வேறு. கை முழுக்க உதறினால் அது அபாய மணி. மனநோய் உள்ளவருக்கு உடம்பில் எது வந்தாலும் "அது அந்த வியாதிதான்" என்று தள்ளிவிடும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு, இங்கிலாந்திலும் உண்டு. ஆனால் இருமுனைக் கோளாறு முற்றி வருகிறவருக்கு நாலு நாள் பேதியோடு கால் தள்ளாடாது. அதை நின்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும்.

லித்தியம் எப்படி ஏறியது என்று பார்த்தால் யாரும் தவறான மாத்திரை கொடுக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். மனநல டாக்டர் சீட்டில் லித்தியம் 400 மில்லிகிராம் எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும் வகை), ராத்திரி இரண்டு. பிபி டாக்டர் டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு (தயசைடு வகை, சிறுநீரைக் கூட்டும் மருந்து) 12.5 மில்லிகிராம் சேர்ந்த கூட்டு மாத்திரை கொடுத்து, "உப்பைக் குறைங்க" என்றார். எலும்பு டாக்டர் முழங்கால் வலிக்கு அசிக்ளோஃபெனாக், காலை ராத்திரி. கடைசியாக பேதிக்குத் தெருமுனை கிளினிக்கில் மெட்ரோனிடசோல். நாலு சீட்டும் தனித்தனியாகச் சரி.

லித்தியம் ஒரு உப்பு. கல்லீரல் அதைத் தொடுவதில்லை. வெளியேற இருக்கும் வழி கிட்டத்தட்ட சிறுநீரகம் மட்டும்தான். சோடியத்தை எப்படி நடத்துமோ அப்படித்தான் சிறுநீரகம் லித்தியத்தையும் நடத்தும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சோடியத்தை விடாமல் இழுத்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் இழுத்து வைக்கும். தயசைடு மாத்திரை சோடியத்தை வெளியேற்றுவதால் லித்தியம் கால் பங்கு, அதற்கு மேலும் ஏறலாம். டெல்மிசார்டான், லோசார்டான் வகையும் எனலாப்ரில் வகையும் ஏற்றும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து ஏற்றும். மெட்ரோனிடசோலும் ஏற்றக்கூடியது. இவ்வளவுக்கும் மேல் சித்திரை வெயில், வியர்வை, உப்பில்லாத சாப்பாடு, பேதி. வயதானால் சிறுநீரகம் தானாகவே மந்தப்படும் என்பதால், முப்பது வருஷம் ஒத்துக்கொண்ட அதே 800 மில்லிகிராம் இப்போது அளவுக்கு மிஞ்சியதாகிவிடும்.

முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு குடும்ப டாக்டர் இருந்தார். கம்பவுண்டர் கலக்கித் தரும் சிவப்புத் தண்ணி மருந்து, அளவுக்காகக் கத்தரித்து ஒட்டிய காகிதப் பட்டையோடு பாட்டில். மருந்து அன்றைக்கு எவ்வளவு வேலை செய்ததோ தெரியாது, ஆனால் வீட்டில் யார் என்ன மாத்திரை முழுங்குகிறார்கள் என்பது அந்த ஒரு தலையில் இருந்தது. இப்போது நேராக ஸ்பெஷலிஸ்ட். டோக்கன் போட்டால் அன்று சாயங்காலமே மனநல டாக்டரைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் அதற்கு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கே ஜி.பி. என்ற ஒரே குடும்ப டாக்டரின் கணினியில் எல்லா மருந்தும் வரிசையாக நிற்கும். 2009-இல் லித்தியம் பாதுகாப்பு எச்சரிக்கை வந்ததிலிருந்து நோயாளி கையில் ஊதா நிறத்தில் ஒரு சிறு புத்தகம், எச்சரிக்கை அட்டை, அளவுகளை எழுதும் ஏடு. அளவு சரிபார்க்கப்பட்டதா என்று மருந்தாளுநரும் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை தர வேண்டும். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வயதானவர்களுக்கும், இடைஞ்சல் செய்யும் வேறு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் மூன்று மாதமே தொடரும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பர்மிங்ஹாம் சிட்டி மருத்துவமனையில் 2009-இலேயே ரெய்டு என்ற பெயரில் மனநலக் குழுவைப் பொது மருத்துவமனைக்குள்ளேயே இருபத்துநாலு மணி நேரமும் உட்கார வைத்தார்கள். அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வர வேண்டும் என்பது இலக்கு. நம்மூர்த் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் மனநல டாக்டர் 'விசிட்டிங்', அதாவது தன் கிளினிக் முடிந்து ராத்திரி வந்தால் உண்டு.

மனம் குளிர்ந்த இடம், பிறகு சித்தப்பாவைக் கொண்டுபோன அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பொது மருத்துவ வார்டும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது அங்கே பெரிய பலம். ஹவுஸ் சர்ஜன் பெண் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு லித்தியம் அளவு எழுதினார். லேபில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வார்டிலிருந்து வந்தது பச்சை மூடிக் குழாய். லேப் டெக்னீஷியன் அம்மா அதை வாங்கவே இல்லை. "இதுல லித்தியம் பாக்க முடியாது, சிவப்புல எடுத்துட்டு வாங்க. கடைசி மாத்திரை எத்தன மணிக்குப் போட்டாரு?" என்றார். இந்த இரண்டையும் கேட்கத் தெரிந்தவர் பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரியிலும் எளிதில் அகப்படமாட்டார்.

பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் பெரும்பாலும் பூசியிருப்பது லித்தியம் ஹெப்பாரின். வாழ்க்கையில் லித்தியமே தொடாதவர் ரத்தத்தை அதில் எடுத்தாலும் லித்தியம் இருப்பதாகக் காட்டும். அளவு நிஜமாகவே ஏறியிருப்பவரிடம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் குழப்பிவிடும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிதான் சரி. நேரமும் அதே அளவு முக்கியம். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்குத்தான் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் என்ற கணக்கெல்லாம் பொருந்தும். நம்மூரில் வெறும் வயிற்று சுகருக்காக எல்லோரும் காலை ஆறரைக்கே லேபில் நிற்பார்கள். ராத்திரி பத்தரைக்கு மாத்திரை போட்டவர் அந்தக் கூட்டத்தோடு கை நீட்டினால் எட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை, மறுநாள் காலை ஒன்பதுக்கு ரத்தம் என்று வைத்துக்கொள்வது சுலபம். காலையிலும் லித்தியம் உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். நச்சு என்று சந்தேகம் வந்துவிட்டால் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே எடுத்து நேரத்தைக் குறித்துவிட வேண்டும். சின்ன ஊர் லேப்களில் ரத்தம் சென்னைக்குப் போய் ரிப்போர்ட் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும். அவசரத்துக்கு அது உதவாது. சோடியம், பொட்டாசியம் பார்க்கும் எலக்ட்ரோலைட் கருவிகள் சிலவற்றில் லித்தியம் எலக்ட்ரோடு பொருத்தினால் சில நிமிஷத்தில் அளவு வந்துவிடும். எங்கே அது உண்டு என்பதை நல்லபடியாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள்.

அளவு 2.1. பொதுவாக 1.5-ஐத் தாண்டினால் நச்சு. நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு மூளைக்குள் ஏற்கெனவே ஊறியிருப்பதால் அதற்குக் கீழேயும் அறிகுறி வரலாம், அதனால் எண்ணை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. லித்தியம், பிபி கூட்டு மாத்திரை, வலி மாத்திரை மூன்றையும் அன்றே நிறுத்தினார்கள். நார்மல் சலைன் ஏற்றி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அளவும் சோடியமும் பார்த்தார்கள். சோடியம் எதற்கென்றால், பல வருஷ லித்தியத்தால் சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி போயிருந்தால் சலைனே சோடியத்தை ஏற்றிவிடும். சிறுநீர் போகட்டும் என்று லாசிக்ஸ் ஊசி போடுவது இங்கே விபரீதம், உடம்பு வற்றி லித்தியம் இன்னும் தேங்கும். விஷத்தை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூளும் லித்தியத்தைப் பிடிக்காது. சிறுநீரகப் பிரிவுக்கும் உடனே சொல்லிவிட்டார்கள். அளவு 4-ஐத் தாண்டி சிறுநீரகமும் பழுதாக இருந்தாலோ, அளவு எதுவானாலும் வலிப்பு வந்தாலோ நினைவு மங்கினாலோ டயாலிசிஸ் வேண்டும், குழப்பம் இருந்தாலே யோசிக்க வேண்டும். சலைனிலேயே இறங்கியதால் இவருக்குத் தேவைப்படவில்லை. டயாலிசிஸ் செய்தாலும் திசுக்களில் இருப்பது மறுபடி ரத்தத்துக்கு வரும் என்பதால் பிறகும் அளவு பார்க்க வேண்டும். தாமதித்தால் தள்ளாட்டமும் குழறலும் நிரந்தரமாக நின்றுவிடலாம். அந்த கேஷுவாலிட்டி வாக்கியத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருவது இதனால்தான்.

வீட்டுப் பக்கத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. பிபி, சுகர் ஃபைல் ஹாலில் இருக்கும், மனநல ஃபைல் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும். பெண் கல்யாணம், சொந்தக்காரர் பேச்சு என்று எலும்பு டாக்டரிடம் அதைக் காட்டுவதே இல்லை. அவர் கேட்கவும் இல்லை. தயவுசெய்து ஒரே தாளில் எல்லா மாத்திரையையும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், கடையில் பிராண்டு மாறும் என்பதால் மூலப்பெயரில். பிபி மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து பிபி மாத்திரை வீடு தேடி வருகிறது, அருமையான ஏற்பாடு, கொண்டுவருபவரிடமும் லித்தியம் போகிறது என்று சொல்லி வையுங்கள். மூட்டுவலிக்கு பாராசிட்டமால், பிபிக்கு அம்லோடிபின் போன்றவை லித்தியத்தோடு மோதுவது குறைவு என்பதால் அந்த டாக்டர்களிடம் கேட்டுப் பாருங்கள். தவிர்க்க முடியாமல் புது மருந்து சேர்த்தால் ஒரு வாரத்தில் அளவு பார்க்க வேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பேதியோ வாந்தியோ வந்தால் மனநல டாக்டருக்கு அன்றே போன்.

இது லித்தியத்தோடு நிற்பதில்லை. வயதானவருக்கு மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டலோபிராமும் தயசைடும் சேர்ந்தால் சோடியம் இறங்கிக் குழப்பம் வரலாம். இன்னொரு மனநல மாத்திரையான ஒலான்சபின் எடையையும் சுகரையும் ஏற்றக்கூடியது.

யாராவது "மனநல கேஸ், இங்க பாக்க மாட்டோம்" என்றால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21 உடல் நோய்க்குச் சமமான சிகிச்சையை உரிமையாகச் சொல்கிறது, அவசர சிகிச்சையும் ஆம்புலன்சும் அதில் அடக்கம். டிஸ்சார்ஜ் ஆகும்போது லித்தியத்தை மறுபடி தொடங்குவதா, குறைந்த அளவிலா, வேறு மருந்தா என்பதை மனநல டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். பயந்துபோய் நாமாக ஒரேயடியாக நிறுத்திவிட்டால் வியாதி திரும்ப வரும் ஆபத்து அதிகம், தற்கொலை ஆபத்தும் கூடும். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியும், எந்த மூடிக் குழாய் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.