சோபாவுக்கு எந்தச் செயற்கைத் துணி? பாலியஸ்டர் முதல் லெதரெட் வரை

கையால் தடவிப் பார்த்து, மெத்தென்று இருப்பதை வெட்டச் சொல்லிவிடுகிறவர்களே அதிகம். தடவினால் இழையின் குணம் தெரியாது. சோபா நிற்கும் இடத்தில் வெயில் விழுமா, எண்ணெய் வைத்த தலை சாயுமா, பூனை ஏறுமா என்று முதலில் யோசித்துவிட்டு, அப்புறம் துணியைப் பாருங்கள்.

தினமும் உட்காரும் சோபாவுக்கு நெருக்கமாக நெய்த பாலியஸ்டர்தான் எங்கள் முதல் தேர்வு. ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை எனலாம்; எடையில் 0.4 சதவீதம்தான். சுருங்காது. கண்ணாடி வழியே வரும் வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்கும். அதனால் திரைச்சீலைக்கும் இதுவே பொருத்தம். இதன் பலவீனம் எண்ணெய். தண்ணீரை ஒதுக்கும் அதே இழை எண்ணெயைப் பிடித்துக்கொண்டு விடாது. தலை சாயும் இடமும் கைப்பிடியும் முதலில் கறுப்பது இதனால்தான். அந்த இரண்டு இடங்களுக்கும் அதே துணியில் கழற்றித் துவைக்கிற மாதிரி உறை தைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் அமரும் சோபாவுக்கு ஒன்றரை மீட்டர் கூடுதலாக எடுத்தால் போதும்.

பாலியஸ்டரில் அடுத்த தொல்லை, துணி மேல் உருண்டை உருண்டையாகத் திரளும் பிசிறு. பருத்தியிலும் அது வரும், ஆனால் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழை வலுவானது. உருண்டை அறுந்து விழாமல் அப்படியே தொங்கும். குட்டை இழைகளை முறுக்கிய நூலைவிட, நீள இழையான ஃபிலமென்ட் நூலில் நெய்ததில் இது குறைவு.

சாம்பிள் அட்டையில் மார்ட்டின்டேல் எண்ணைத் தேடுங்கள். துணியைத் தேய்த்துத் தேய்த்து நூல் அறும்வரை எண்ணுகிற சோதனை அது. அன்றாடப் புழக்கத்துக்கு 25,000க்குக் குறையக் கூடாது. ஆனால் எண் பெரிதாக இருந்தும் தையல் பிரிகிற துணிகள் உண்டு, காரணம் நெசவு தளர்வாக இருப்பது. இரண்டு கட்டைவிரல்களாலும் துணியை எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். நூல்கள் விலகி இடைவெளி தெரிந்தால், உட்காரும் குஷனில் தையல் ஓரமும் அப்படியே விலகும். பின்புறம் பூச்சு கொடுத்த துணியில் இந்தப் பயம் குறைவு. பூனை உள்ள வீட்டில் ஷெனில் எனப்படும், பஞ்சுபோன்ற தடித்த நூலில் நெய்த துணி வேண்டவே வேண்டாம். நகம் மாட்டினால் நூல் உருவிக்கொண்டு வரும். வெட்டிய குட்டை முடியுள்ள வெல்வெட்டில் நகம் மாட்ட வளையமே இல்லை.

கறைக்கு அஞ்சுகிறவர்களுக்கு பாலிப்ரொப்பிலீன். ஒலிஃபின் என்றும் விற்பார்கள். சாயத்தை இழைக்குள்ளேயே கலந்து தயாரிப்பதால் கறை ஏற இடமில்லை. ஆனால் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். பாலியஸ்டருக்கு அந்த எல்லை 255க்கு மேல். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் கதை முடிந்தது. கடைக்காரர் சொல்வது உண்மைதானா என்று பார்க்க, ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்து, ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், பாலியஸ்டர் மூழ்கும்.

நேரடி வெயில் படும் பால்கனி நாற்காலிக்கு, இழைக்குள்ளேயே சாயம் கலந்த அக்ரிலிக்கைவிட நல்லதை நாங்கள் சொல்ல மாட்டோம். நிறம் எளிதில் வெளிறாது. பூஞ்சைக் கறையை நீர்த்த ப்ளீச் போட்டே கழுவலாம்.

துணி மேல் பூச்சு கொடுத்துத் தோல் போலச் செய்யும் லெதரெட் வாங்கும்போது மிகவும் கவனம் தேவை. மலிவான பியூ (பாலியூரித்தேன்) பூச்சு காற்றின் ஈரத்தாலேயே சிதையும். சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும், துடைத்துப் பராமரித்தாலும் நிற்காது. பாலிகார்பனேட் வகை பியூ இந்தச் சிதைவை நன்றாகத் தாங்கும், ஆகவே எந்த வகை என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பிவிசி பூச்சுள்ள ரெக்ஸின் இப்படி உரியாது. அதில் உள்ள மென்மையாக்கும் பொருள் மெல்ல வெளியேறி, விறைத்து, மடிப்புகளில் வெடிக்கும்.

சுத்தம் செய்யும் குறியீட்டையும் பார்த்துவிடுங்கள். டபிள்யூ என்றால் தண்ணீர், எஸ் என்றால் கரைப்பான் மட்டும், எக்ஸ் என்றால் வேக்யூம் தவிர எதுவும் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எக்ஸ் ஆகாது.

மூன்று பேர் சோபாவுக்கு 137 சென்டிமீட்டர் அகலத்தில் சுமார் 12 மீட்டர் பிடிக்கும். பெரிய பூ, கட்டம் என்றால் டிசைன் பொருத்த இன்னும் வேண்டும். வெல்வெட் எடுத்தால், தைப்பவர் வெட்டும் முன் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் முடி சாயும் திசையைச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு துண்டு தலைகீழாகப் போனாலும் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.