காணாமல் போன பேக்கேஜ்: எட்டு ஆண்டு டெபியன் அனுபவம்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் இயங்குதளத்தின் 9-ஆம் பதிப்பில் 2017-ல் தொடங்கியவன் நான். அன்றிலிருந்து வீட்டுக் கணினிகள் எல்லாம் டெபியன்தான். இத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் அலைய விட்டது ஒரே பிரச்சினை: கேட்ட பேக்கேஜ் (மென்பொருள் பொதி) இல்லை என்று, அதை நிறுவித் தர வேண்டிய ஆப்ட் கருவி கையை விரிப்பது.

2023 ஜூனில் டெபியன் 12 வந்ததும் என் லேப்டாப்பை 11-இலிருந்து ஏற்றினேன். ஒரு சிக்கலும் இல்லை. பேக்கேஜ்களை எந்தக் களஞ்சியத்திலிருந்து (இணையச் சேமிப்பிடத்திலிருந்து) எடுப்பது என்று ஆப்டுக்குச் சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பை அப்படியே நகலெடுத்துத் தம்பியின் லேப்டாப்பையும் ஏற்றினேன். சில மாதம் கழித்து அவனுடைய வைஃபை கார்டு பழுதானது. பழையது ஏத்தெரோஸ் கார்டு, தனி ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) கேட்காத ரகம். புதிதாகப் போட்டது இன்டெல். வைஃபை பட்டியலே வரவில்லை. கணினியின் உள்செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 'நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்' என்று சிவப்பில் ஒரு வரி. சரி, இன்டெல் வைஃபைக்கான ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை பேக்கேஜைப் போட்டால் போதும் என்று கேபிளைச் செருகி இன்ஸ்டால் கொடுத்தேன். 'நோ இன்ஸ்டாலேஷன் கேண்டிடேட்'.

இந்த இடத்தில் செய்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். 'அனேபிள் டு லொக்கேட் பேக்கேஜ்' என்று வந்தால் அந்தப் பெயரையே ஆப்ட் கேள்விப்பட்டதில்லை: எழுத்துப் பிழையாக இருக்கலாம், பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் ஓட்டாமல் விட்டிருக்கலாம். 'கேண்டிடேட் இல்லை' என்பது வேறு. பெயர் தெரிகிறது, கொடுக்கத்தான் எந்தக் களஞ்சியமும் இல்லை. டெபியன் 11-இல் 'பைத்தான்' என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். அந்தப் பெயரில் இருந்த பேக்கேஜை எடுத்துவிட்டார்கள். பைத்தான்3 என்றுதான் கேட்க வேண்டும்.

என் லேப்டாப்பில் மட்டும் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, பேக்கேஜின் பதிப்பையும் அது வரும் இடத்தையும் காட்டும் ஆப்ட் பாலிசி கட்டளையை ஓட்டினேன். பதில் என்னைத் திடுக்கிட வைத்தது. நிறுவியிருந்தது 20210315-3, அதாவது டெபியன் 11 காலத்துப் பதிப்பு. அதற்குக் கீழே ஒரு களஞ்சிய முகவரிகூட இல்லை, கணினியில் நிறுவியவற்றைக் குறித்து வைக்கும் டிபிகேஜி ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும். மாதக்கணக்கில் என் ஃபர்ம்வேருக்கு ஒரு அப்டேட்டும் வரவில்லை, பாதுகாப்புத் திருத்தம் உட்பட. எந்த எச்சரிக்கையும் கண்ணில் படாமலே அது அநாதையாகக் கிடந்திருக்கிறது.

காரணம் எளியது. 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, கட்டற்றதல்லாத (சுதந்திரமாக மாற்றிப் பகிர உரிமை தராத) ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலரில் சேர்க்க முடிவெடுத்தார்கள். அதையொட்டி 12-இல் ஃபர்ம்வேர்கள் 'நான்-ஃப்ரீ' பிரிவிலிருந்து பிரிந்து 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவுக்குப் போயின. புதிதாக நிறுவுபவர்களுக்கு இன்ஸ்டாலரே பார்த்துக்கொள்ளும். என்னைப் போலப் பழைய லிஸ்ட்டில் புல்ஸ்ஐ (11-இன் பெயர்) என்பதை புக்வார்ம் (12-இன் பெயர்) என்று மாற்றி ஏற்றியவர்கள் தாங்களே சேர்க்க வேண்டும். ஆப்ட் அப்டேட் முடியும்போது 'என்:' என்று தொடங்கும் சிறு குறிப்பில் இதைச் சொல்லத்தான் செய்கிறது. ஓடுகிற வரிகளுக்கு நடுவே நான் அதைப் படிக்கவில்லை.

லிஸ்ட்டில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து, அப்டேட் ஓட்டி, என்னுடையதில் அப்கிரேடும் தம்பியுடையதில் இன்ஸ்டாலும் கொடுத்தேன். இரண்டு லேப்டாப்பிலும் புதிய பதிப்பு இறங்கியது. தம்பியுடையதை ரீபூட் செய்ததும் வைஃபை பட்டியல் வந்துவிட்டது.

இணையத்தில் எங்கிருந்தோ டெப் கோப்பை (பேக்கேஜ் கோப்பை) இறக்கிப் போட்டுவிடலாம் என்ற ஆசை அன்றைக்கும் வந்தது. 2019-ல் அப்படித்தான் வேறொரு லினக்ஸ் வினியோகத்தின் டெப்பைப் போட்டேன். அது புதிய லிப்சி (எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) கேட்க, அதையும் கொண்டுவந்து போட, கடைசியில் முழுக் கணினியையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது.

இப்போது பதிப்பு ஏற்றிய அன்றே 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளையோடு ஒற்றை மேற்கோளுக்குள் டில்டே குறியும் ஆங்கிலச் சிறிய ஓ எழுத்தும் கொடுத்து ஓட்டுகிறேன். எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் கணினியில் மட்டும் தங்கிவிட்ட பேக்கேஜ்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். 2025 ஆகஸ்டில் 13-க்கு ஏறியபோதும் முதலில் அதைத்தான் ஓட்டினேன். வந்ததெல்லாம் பழைய கெர்னல்களும் சில லைப்ரரிகளும். ஃபர்ம்வேர் அந்தப் பட்டியலில் இல்லை.