நாலுக்கு நாலு அடி இடத்தில் இலையா, காயா?

நீளம் 4 அடி, அகலம் 4 அடி. வீட்டுத் தோட்டம் போட ஆசைப்படுகிற பலருக்கு வெயில் படும் இடம் இவ்வளவுதான் கிடைக்கும். இதற்குள் தக்காளி, வெள்ளரி, பீன்ஸ், குடைமிளகாய், லெட்டூஸ், முள்ளங்கி என்று எல்லாவற்றையும் நெருக்கி வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து எதுவுமே உருப்படியாக வரவில்லையே என்று சோர்ந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாடுபடாமல் இல்லை. எதை நடுவது என்று முடிவு செய்த அன்றே பாதித் தோல்வி நடந்துவிடுகிறது.

சின்ன இடத்துக்குப் பயிர் தேடும்போது நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். இந்தச் செடி ஒரு சதுர அடியில் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்? கொடுக்க ஆரம்பித்த பிறகு எத்தனை நாள் கொடுக்கும்? இடம் அடியில் மட்டும் இல்லை, நாளிலும் இருக்கிறது. கீழே வருகிற ஒப்பீடு எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இலைப் பயிரும் காய்ப் பயிரும்

தக்காளி நாற்றை நட்ட நாளிலிருந்து முதல் பழத்துக்கு 60 முதல் 80 நாள் ஆகும். நாற்றாக வளர்ந்த நாள்கள் தனி. செடிக்குச் செடி 2 அடி விட்டால் 16 சதுர அடியில் நான்கு செடி நிற்கும். லெட்டூஸ் என்றால் சதுர அடிக்கு நான்கு. அதாவது அதே இடத்தில் 64 செடி. விதைத்த 30 நாளில் இளம் இலை கிள்ளலாம், 45 முதல் 55 நாளில் முழு அளவு இலை வரும். லேசான காரம் உள்ள சாலட் இலையான அருகுலா இன்னும் வேகம், நாலாவது வாரத்திலேயே கத்தரிக்கோலுக்கு வந்துவிடும். முள்ளங்கி சதுர அடிக்கு 16 வரை தாங்கும், ஒரு மாதத்தில் இடத்தைக் காலி செய்துவிடும். இந்தச் சதுர அடிக் கணக்கை 1980-களில் ஊரெல்லாம் பரப்பியவர் மெல் பார்த்தலோமியூ என்ற ஓய்வுபெற்ற அமெரிக்கப் பொறியாளர். நீள நீளமான பாத்தியில் பாதி இடம் நடைபாதையாகவே வீணாகிறது என்பது அவர் வாதம். சின்னத் தோட்டத்தில் அது நூற்றுக்கு நூறு சரி.

அடுத்தது வெயில். காய்க்கிற செடிக்கு நேரடி வெயில் 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். இலைக்கு 3, 4 மணி நேரம் கிடைத்தாலே போதும். காய்ப் பயிர் முதலில் தன் உடம்பை வளர்க்க வேண்டும், அப்புறம் மிச்சப்பட்ட சர்க்கரையைத்தான் காய்க்கு அனுப்பும். வெயில் குறைந்தால் மிச்சம் இருக்காது. செடி நெட்டையாக வளரும், பூக்கும், உதிர்ந்துவிடும். இலைப் பயிரில் நாம் சாப்பிடுவது அந்த உடம்பையேதான். அதனால் வெயில் குறைந்தால் தாமதமாகும், இல்லாமல் போகாது. எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை மணிக்கு ஒருமுறை போய், நிழல் விழும் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரம் இருக்கும் என்று நம்பிய இடத்தில் நாலரை மணி நேரம்தான் என்று தெரியவரும். கண் ஏமாற்றும்.

தண்ணீரில் இரண்டுக்கும் வேறு வேறு குணம். லெட்டூஸின் வேர் மேலாகவே படரும், 15 செ.மீ. மண் போதும். ஒரு நாள் மறந்தால் மதியமே தலை சாய்ந்துவிடும். மாலையில் ஊற்றினால் காலைக்குள் எழுந்து நிற்கும். தக்காளி அப்படி உடனே காட்டிக்கொடுக்காது. இரண்டு நாள் காய்ந்து, மூன்றாம் நாள் குளம்போல் ஊற்றி, மறுபடி காய்ந்தால், மூன்று வாரம் கழித்துக் காயின் அடி கறுத்துத் தோல்போல் அமுங்கும். கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது இது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், அதைக் காய்வரை கொண்டுபோகும் நீரோட்டம்தான் சீராக இருக்காது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிடச் செடியின் அடியில் மண்ணை மறைக்கக் காய்ந்த இலைதழை மூடாக்கு போட்டு, அளவாகத் தண்ணீர் விடுவது பலன் தரும்.

தக்காளியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. செடியிலேயே பழுத்த பழத்தின் மணம், காயாகப் பறித்துப் பழுக்கவைத்ததில் வராது. ஆனால் லெட்டூஸ் இலையில் 95 சதவீதம் தண்ணீர். பறித்த நிமிடத்திலிருந்து அது இழந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு முன் கிள்ளிய இலை பல்லில் நொறுங்குகிற அந்தச் சத்தத்தை வீட்டுத் தோட்டம்தான் கொடுக்க முடியும்.

என் முடிவு இது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக வெயில் படுகிற இடத்தில் இலை மட்டும் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தால் முக்கால் பங்கு இலை, கால் பங்கு கொடியாக ஏறும் காய்.

உருண்டையா, உதிரியா?

லெட்டூஸ் என்றதும் பலர் கண்முன் வருவது பந்துபோல் இறுக்கமாக மூடிய ஐஸ்பெர்க். 1894-இல் அமெரிக்க விதை நிறுவனமான பர்ப்பி அந்தப் பெயரில் ஒரு ரகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பந்து இறுக 70 நாளுக்கு மேல் ஆகும், அத்தனை நாளும் குளிர்ச்சி குறையக் கூடாது. நடுவில் நாலு நாள் வெயில் தூக்கிவிட்டால் இறுகாமலே பூத்தண்டு விட்டுவிடும். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் அறுவடை ஒரே ஒரு முறை. வெட்டினால் வெறும் குழி.

உதிரி இலை ரகங்கள் வேறு மாதிரி. 1952-இல் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் என்ற, சிறந்த புது ரகங்களுக்கான விருது வாங்கிய சாலட் பவுல், சிவப்புச் சுருளான லோல்லோ ரோஸா, ஓக் லீஃப் எல்லாம் இந்த வகை. பந்து கட்டாது, இலை இலையாக விரியும். அடி இலையைப் பறித்தால் நடுவிலிருந்து புது இலை வரும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது 1963-இல் அதே விருது பெற்ற பட்டர்கிரஞ்ச். தளர்வாகத் தலை கட்டும், வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். தலை கட்டியே ஆகவேண்டும் என்று ஆசை இருந்தால் இதையோ, உள்ளங்கையில் அடங்குகிற லிட்டில் ஜெம் ரகத்தையோ போடுங்கள். ஐஸ்பெர்க் சின்ன இடத்துக்குப் பொருந்தாத விருந்தாளி.

இன்னொரு வித்தியாசம் சமையலறையில்தான் தெரியும். சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி வந்துவிட்டால், உருண்டைக்குள் மடிப்பு மடிப்பாகப் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை அலசினாலும் ஒன்றிரண்டு மிஞ்சும். உதிரி இலையைத் தண்ணீரில் போட்டு இரண்டு முறை அலசினால் முடிந்தது.

உதிரியிலும் அறுவடைக்கு இரண்டு வழி. நெருக்கமாகத் தூவி, விரல் நீளம் வளர்ந்ததும் மண்ணிலிருந்து இரண்டு விரல்கடை விட்டுக் கத்தரியால் மொத்தமாக வெட்டுவது ஒன்று. இரண்டு வாரத்தில் மறுபடி வளரும். மூன்று வெட்டுக்குப் பிறகு சோர்ந்துவிடும். இடைவெளி விட்டு நட்டு, வாரம் ஒருமுறை வெளி இலைகளை மட்டும் கையால் பறிப்பது மற்றொன்று. இங்கிலாந்தில் மண்ணைக் கிளறாமல் தோட்டம் போடும் சார்லஸ் டவுடிங் வலியுறுத்துவது இரண்டாவதைத்தான். லெட்டூஸில் என் அனுபவமும் அதுதான் சொல்கிறது. கத்தரி பட்டால் இளசும் முற்றலும் ஒன்றாகப் போய்விடுகிறது, செடி அடிமட்டத்திலிருந்து எழ வேண்டியிருக்கிறது. கையால் பறிக்கும்போது நடுவில் ஐந்தாறு இலை நிற்கிறது, வேலை நிற்காமல் நடக்கிறது. இலைக்காம்பை அடியோடு பிடித்து, கீழ்நோக்கிச் சற்றே திருகி இழுத்தால் சுத்தமாகக் கழன்று வரும். கழன்ற இடத்தில் பால் துளிர்க்கும். லாக்டூகா என்ற அதன் தாவரப் பெயரே லத்தீனில் பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். நடுக்குருத்து திடீரென்று கோபுரம்போல் உயர ஆரம்பித்து, இலை கசந்தால், செடி பூவுக்குத் தயாராகிவிட்டது. அதற்கு மேல் அதைக் கெஞ்சிப் பயனில்லை, பிடுங்கிவிட்டு அடுத்ததை நடுங்கள்.

அருகுலாவுக்கும் கடுகு இலைக்கும் மட்டும் கத்தரியே சரி. அவற்றின் ஆயுள் எப்படியும் குறைவு.

வெயில் ஏறிய பிறகு லெட்டூஸா, வேறு கீரையா?

ஒரு கோடையில் லெட்டூஸ் விதையை மூன்று முறை தூவினேன். ஒன்றுகூட எழவில்லை. விதை பழசு என்று நினைத்துப் புதுப் பொட்டலம் வாங்கினேன், அதுவும் அப்படியே கிடந்தது. விதையில் கோளாறு எதுவும் இல்லை. மண்ணின் வெப்பம் 27, 28 டிகிரியைத் தாண்டினால் பல லெட்டூஸ் ரகங்கள் தாமாகவே உறங்கப் போய்விடும். 15 முதல் 20 டிகிரிதான் அவற்றுக்குப் பிடித்த சூடு. அதே பொட்டலத்து விதையை ஈரத்தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்து, பிறகு மாலையில் நிழலில் விதைத்தேன். மூன்றாம் நாள் பச்சை தெரிந்தது.

வெளிச்சமும் வேண்டும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற லெட்டூஸ் ரகத்தின் விதைகளை வைத்துத்தான் ஒரு பெரிய உண்மையைக் கண்டார்கள்: சிவப்பு ஒளி பட்டால் விதை விழிக்கிறது, தொலைச்சிவப்பு ஒளி (சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒளி) பட்டால் மறுபடி உறங்குகிறது. செடி ஒளியை உணர உதவும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டறிய வழி விட்டது இந்தச் சின்ன விதைதான். நமக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு எளிய பழக்கம்: விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள். மண் மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, மேலே மெல்லிய தூவலாக மட்டும் மண் போட்டால் போதும்.

இத்தனை செய்தும் கடும் கோடையில் லெட்டூஸ் போராட்டம்தான். அந்த மாதங்களில் தண்டுக்கீரை, கொடிப்பசலை, பருப்புக்கீரை மூன்றும் அதைச் சுலபமாகத் தோற்கடிக்கும். தண்டுக்கீரையின் ஒளிச்சேர்க்கை முறையே வெப்பத்துக்கென்று அமைந்தது. லெட்டூஸ் தளருகிற வெயிலில் அது வேகம் எடுக்கும். கொடிப்பசலை மேலே ஏறுவதால் தரையில் இடம் கேட்காது. பச்சையாகவே சாப்பிட எனக்கு மிகவும் பிடித்தது பருப்புக்கீரை. தடித்த இலை, நறுக்கென்று இருக்கும், லேசான புளிப்பு. தண்ணீர் குறைந்த காலத்தில் அது இரவில் கரியமில வாயுவை வாங்கிப் புளிப்பான மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்துப் பகலில் செலவழிக்கும். அதனால் காலையில் பறித்த இலை புளிக்கும், மாலையில் பறித்தது சாதுவாக இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பறித்து மென்று பாருங்கள், நாக்கே சொல்லும்.

நேரடி விதைப்பும் நாற்றும், தொட்டியும் பாத்தியும்

முள்ளங்கி, கேரட், பீன்ஸ், அருகுலா எல்லாம் நேரடியாக மண்ணில். இதில் விவாதம் இல்லை. லெட்டூஸுக்கு மட்டும் நான் குழித்தட்டின் (சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) பக்கம். ஒரு கிராமில் 800 முதல் 1000 விதை இருக்கும். பாத்தியில் தூவினால் ஒரு மூலையில் காடு, மறு மூலையில் பாலைவனம். குழித்தட்டில் மூன்று, நான்கு வாரம் வளரும் நாற்று, அத்தனை நாளும் பாத்தியில் இடம் பிடிக்காமல் இருக்கிறது. அந்த நேரத்தில் பாத்தியில் ஒரு முள்ளங்கி அறுவடையே முடிந்துவிடும்.

மண் இருந்தால் பாத்தி, இல்லாவிட்டால் தொட்டி. தொட்டியிலும் ஒரு பெரியது நான்கு சிறியதைவிட மேல், ஈரம் நின்று பிடிக்கும். சுட்ட மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும், ஆனால் சீக்கிரம் காயும்; கறுப்பு பிளாஸ்டிக் ஈரம் காக்கும், வெயிலில் வேரை வேகவைக்கும். இலைக்கு வெளிர்நிற பிளாஸ்டிக் எனக்குச் சரியாக இருக்கிறது.

அந்தக் கால் பங்கில் எந்தக் காய்?

சீமைச்சுரை (சுக்கினி) வேண்டாம். ஒரு செடியே மூன்றடிக்கு மூன்றடி விரியும். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, தேனீ வராவிட்டால் பிஞ்சு அழுகும். குடைமிளகாய் நிதானமான பயிர், நாள் கணக்கில் தோற்றுவிடும். மிச்சம் இருப்பது பீன்ஸ், வெள்ளரி, சிறு தக்காளி.

குத்துப் பீன்ஸ் 50 முதல் 60 நாளில் காய்க்கும், இரண்டு மூன்று வாரத்தில் ஓய்ந்துவிடும். கொடிப் பீன்ஸ் பத்து நாள் தாமதம், ஆனால் விடாமல் பறித்தால் அதைவிடப் பல வாரம் கூடுதலாகக் காய்க்கும். தரையில் ஒரு அடி அகலம் போதும், மற்றதெல்லாம் ஆகாயம். என் கணக்கில் இதற்குத்தான் முதலிடம். வெள்ளரியில் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் ரகங்கள் உண்டு. தேனீ எட்டிப் பார்க்காத உயர மாடிக்கு அவைதான் சரி. தக்காளி போட்டே தீருவேன் என்றால் ஒரு செடி போடுங்கள், அதுவும் சிறு பழ ரகம். பெரிய பழங்களைவிட முன்னதாகப் பழுக்கும். இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்களில் பூ உதிரும், அதற்குச் செடியைத் திட்ட வேண்டாம். மற்ற நாள்களில் பத்து மணி வாக்கில் ஊன்றுகோலை விரலால் இரண்டு தட்டு தட்டிவிடுங்கள், மகரந்தம் கொட்டும்.

பீன்ஸ் பந்தலை எங்கே வைப்பது என்பதில் இலையும் காயும் சமாதானம் ஆகிவிடுகின்றன. குளிர்ந்த மாதங்களில் பந்தலின் நிழல் இலை மேல் விழாத பக்கமாக வையுங்கள். வெயில் ஏறும் மாதங்களில் மதிய நிழல் நேராக லெட்டூஸ் மேல் விழும்படி வையுங்கள். பந்தல் அடியில் நிற்கும் லெட்டூஸ் பூத்தண்டு விட அவசரப்படாது. பக்கத்தில் இருக்கும் குழித்தட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை விதை, அதற்கு மேல் வேண்டாம். அடுத்த சிட்டிகை முளைக்கும்போது போன தடவை முளைத்தது பாத்திக்குப் போகத் தயாராகிக்கொண்டிருக்கும்.