தட்டு கொண்டுவரச் சொன்னால் காலித் தட்டோடு போகாதீர்கள்: மெல்பர்னில் கார்னிஷ் சங்க வாழ்க்கை

கார்ன்வாலிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் நடத்தும் கார்னிஷ் சங்கத்தில், மாதக் கூட்ட அழைப்பின் கடைசி வரியில் "ஒரு தட்டு கொண்டுவரவும்" என்று இருக்கும். மண்டபத்தில் தட்டுப் பற்றாக்குறை போலிருக்கிறது என்று நினைத்துக் காலித் தட்டோடு போய் நிற்பது, ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் தவறு. எல்லோரும் எடுத்துச் சாப்பிட ஏதாவது ஒரு பண்டம் கொண்டுவாருங்கள் என்பதுதான் அதன் பொருள். எட்டுப் பேருக்கு ஆகும் அளவு போதும். வீட்டிலேயே துண்டு போட்டுவிடுங்கள். தட்டின் அடியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தட்டு அடுத்த மாதம்தான் கைக்கு வரும், சில சமயம் அதுவும் வராது.

சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். மெல்பர்ன், சிட்னி, அடிலெய்டு எங்கே போனாலும் இந்த வகைச் சங்கங்கள் நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே சொல்வது மெல்பர்னை வைத்து, பல ஆண்டுக்கால உறுப்பினர் பார்வையில்.

கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு முனை. தகரமும் செம்பும் தோண்டிய மண், கெர்னெவெக் என்ற தனி மொழி உண்டு. 1851-இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தபோதும், 1860-களின் பிற்பாதியில் செம்பு விலை சரிந்து ஊரில் சுரங்கங்கள் மூடியபோதும், கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். பெண்டிகோ, பாலரட், காசில்மெயின் சுரங்கங்களில் அவர்களுக்கு 'கசின் ஜாக்' என்று பெயர். எங்கே வேலை காலியானாலும் "எனக்கு ஜாக் என்று ஒரு உறவுக்காரன் இருக்கிறான்" என்று ஆள் சொல்வார்களாம். தமிழர்களுக்கும் இவர்கள் முற்றிலும் அந்நியர் அல்ல. 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் கோலார் தங்கவயல் வளர்ந்தபோது மேற்பார்வைக்கு வந்தவர்களில் பலர் கார்ன்வால்காரர்கள், கீழே இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். தாத்தா கோலாரில் வேலை பார்த்தார் என்று இந்தக் கூட்டத்தில் சொல்லிப்பாருங்கள், அரை மணி நேரத்துக்குத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க விடமாட்டார்கள். பூர்வீகம் இல்லாதவர்களையும், ஆர்வம் இருந்தால் போதும் என்று பொதுவாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கூட்டம் என்றால் சனி அல்லது ஞாயிறு மதியம் 2 மணி, ஒரு தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். முக்கால் மணி நேரம் யாராவது பேசுவார்கள், பிறகு தேநீர், குலுக்கல் பரிசு, கலைதல். உள்ளதைச் சொன்னால் பேச்சு ஒரு சாக்கு. தேநீருக்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள். அங்கே முதலில் கேட்கப்படுவது குடும்பப் பெயர். ட்ரே, பொல், பென் என்று தொடங்கினால் கார்ன்வால்காரர் என்பது பழைய கணக்கு. 'ட்ரே' என்றால் குடியிருப்பு, 'பொல்' குளம், 'பென்' தலை அல்லது முனை. நம் ஊர்ப் பெயர்களில் பட்டி, குளம், முனை கடைசியில் வரும், அவர்களுக்கு முதலிலேயே வந்துவிடுகிறது. அடுத்த கேள்வி எந்தத் திருச்சபை வட்டம் என்பது. வெறுமனே "கார்ன்வால்" என்றால் யாருக்கும் திருப்தி வராது. அங்கே 200-க்கும் மேற்பட்ட வட்டங்கள், பெயரைச் சொன்னால்தான் "அது எங்கள் பக்கத்து ஊராயிற்றே" என்ற பேச்சு பிறக்கும்.

ஆண்டின் பெரிய நாள் மார்ச் 5, தகரச் சுரங்கத் தொழிலாளரின் காவலரான புனித பிரான் திருநாள். கறுப்புத் துணியில் வெள்ளைச் சிலுவைக் கொடி. கரும்பாறையிலிருந்து உருகி வழிந்த வெள்ளைத் தகரம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இந்த நாளில்தான் ஏற்பாட்டாளர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். வேலை நாளில் விழுந்தால் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளுவது வழக்கம். விக்டோரியாவில் மார்ச் இரண்டாவது திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. மார்ச் 5 திங்கள் முதல் வெள்ளிக்குள் வந்தால், அடுத்த சனி சரியாக அந்த நீண்ட வார இறுதியில் மாட்டிக்கொள்ளும். பாதிப் பேர் கடற்கரை வீட்டுக்குப் போயிருப்பார்கள், நகரத்துக்குள் மூம்பா திருவிழா நெரிசல் வேறு. அந்த ஆண்டுகளில் முந்தைய சனிக்கிழமையே உத்தமம். வெயிலும் கணக்கில் இருக்கட்டும். மெல்பர்னில் மார்ச் முதல் வாரம் இன்னும் கோடையின் வால்தான். கம்பளியில் நெய்த கார்னிஷ் கட்டத் துணிக் கில்ட் என்ற மடிப்புப் பாவாடையை உடுத்தி வருபவர்கள் 1 மணிக்குள் வாடிவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்தத் தேசியக் கட்டத் துணியே 1963-இல் வடிவமைக்கப்பட்டது. அதைப் பழம்பெரும் மரபு என்று யாராவது பேசத் தொடங்கினால் பலகார மேசைப் பக்கம் நகர்ந்துவிடுங்கள்.

இனி பாஸ்டி. சங்கத்தில் அதிகச் சண்டை நடப்பதும் இதை வைத்துத்தான், எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பதும் இதுதான். சோமாஸைப் பெரிதாக்கி, எண்ணெயில் பொரிக்காமல் அடுப்பில் சுட்டு, உள்ளே இனிப்புக்குப் பதில் இறைச்சி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. 2011-இல் கார்னிஷ் பாஸ்டிக்குப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தபோது விதிகள் எழுத்தில் வந்தன. மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய் 25 சதவீதம், காயில் உருளை, ஸ்வீட் என்ற கிழங்கு, வெங்காயம் மட்டும், ஓர மடிப்பு பக்கவாட்டில், உள்ளீடு பச்சையாகவே உள்ளே போக வேண்டும். ஆஸ்திரேலிய பேக்கரிகளில் கேரட்டும் கொத்துக்கறியும் போட்டு, மடிப்பை உச்சியில் வைத்து விற்பதை மூத்த உறுப்பினர்கள் பாஸ்டி என்று ஒப்புவதே இல்லை.

மேலே சொன்ன ஸ்வீட்டுக்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை, அது உள்ளே மஞ்சளாக இருக்கும் ஒரு கிழங்கு. கார்ன்வாலில் இதையே டர்னிப் என்பார்கள். அங்கிருந்து வந்த பாட்டியின் குறிப்பில் டர்னிப் என்று இருப்பதைப் பார்த்து இங்கே கடைக்குப் போனால் வெள்ளை டர்னிப்தான் கிடைக்கும். தண்ணீர் விட்டு, கசந்து, அடிமாவை நமுக்கச் செய்துவிடும். வாங்கும் பட்டியலில் "மஞ்சள் உள்ளது" என்று எழுதிக் கொடுங்கள்.

பெரிய பாஸ்டி 4-க்கு: ரொட்டிக்கான கெட்டி மைதா 500 கிராம், வெள்ளைக் கொழுப்பு 120, மார்ஜரின் 25, உப்பு 5, குளிர்ந்த தண்ணீர் 175 மில்லி. உள்ளீட்டுக்கு ஸ்கர்ட் எனப்படும் மாட்டு இறைச்சி 450 கிராம், உருளை 450, ஸ்வீட் 250, வெங்காயம் 200, உப்பும் மிளகும். இந்த அளவில் ஒவ்வொன்றும் சுடும் முன்னரே அரைக் கிலோவைத் தாண்டும். 70 வயதைக் கடந்தவர்கள் நிறைந்த கூட்டத்தில் பாதி மீந்துபோகும். இதே கலவையில் 8 சிறியவையாகச் செய்வதே நல்லது. 40 பேருக்கு 5 மடங்கு போதும்: மாவு 2.5 கிலோ, இறைச்சியும் உருளையும் 2.25 கிலோ வீதம், ஸ்வீட் 1.25 கிலோ, வெங்காயம் 1 கிலோ.

கேக் மாவு வாங்காதீர்கள், மடிக்கும்போதே கிழியும். பிசைந்த மாவு குளிர்பெட்டியில் 3 மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் வட்டம் சுருங்கிச் சுருங்கிப் பின்வாங்கும். உருளை வெந்தால் குழையாத வகையாக இருக்கட்டும், அதையும் ஸ்வீட்டையும் கட்டியாக நறுக்காமல் மெல்லிய சில்லாகச் சீவுங்கள். பெரிய துண்டு போட்டால் மாவு பொன்னிறமான பிறகும் ஸ்வீட் நறுக்கென்று இருக்கும். உப்பை மூடுவதற்குச் சற்று முன்புதான் தூவ வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து செய்யும்போது ஒருவர் உதவி செய்வதாக நினைத்து மொத்தக் காய்க்கும் முதலிலேயே உப்புப் போட்டுவிடுவார். அரை மணியில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும், அந்த வரிசை முழுவதும் அடி நமுத்துப்போகும். விசிறி உள்ள அடுப்பில் 165 டிகிரி. பெரியதற்கு 50 முதல் 55 நிமிடம், சிறியதை 40 நிமிடத்தில் திறந்து பாருங்கள். கத்தி முனையால் மூலையில் பெயரின் முதல் எழுத்தை மாவில் பொறிப்பது சுரங்கக் காலப் பழக்கம். வெங்காயம் வேண்டாதவர், மிளகு கூடக் கேட்டவர் என்று அடையாளம் பிரிக்க இன்றும் அது உதவுகிறது.

மண்டப அடுப்பில் பெரும்பாலும் இரண்டு தட்டுதான் நுழையும், 40 பாஸ்டியை ஒரே நேரத்தில் சுட முடியாது. வீடுகளில் சுட்டு, துண்டு விரித்த ஐஸ் பெட்டிக்குள் சூடாக அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குக்கு மேல் வைத்தால் ஆவியிலேயே மேல் தோல் துணியாகிவிடும். இங்குள்ள விதிப்படி சூடான உணவு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. 20 டாலருக்கு விற்கும் வெப்பமானி ஒன்றைச் சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கும் சங்கம் நிம்மதியாகத் தூங்கும். மைக்ரோவேவில் சூடாக்கலாமே என்பவரை அன்போடு மேசை துடைக்க அனுப்பிவிடுங்கள்.

தேநீரோடு வரும் ஸ்கோன் என்ற சிறு ரொட்டியில் முதலில் ஜாம், அதன்மேல் கிளாட்டட் கிரீம். பக்கத்து மாவட்டமான டெவன்காரர்கள் தலைகீழாகச் செய்வார்கள், அந்த விவாதத்தில் இறங்கினால் வெளியே வர முடியாது. இந்தக் கிரீம் நம் கெட்டிப் பாலாடைக்கு நெருங்கிய உறவு. இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது, வீட்டில் செய்யலாம்: அகலமான தட்டையான பாத்திரத்தில் கிரீமை ஊற்றி 80 டிகிரி அடுப்பில் 12 மணி நேரம், பிறகு அசைக்காமல் ஆறவிட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டி. வாங்கும்போது 'பியூர் கிரீம்' என்று பார்த்து வாங்குங்கள். 'திக்கன்டு கிரீம்' என்பதில் கெட்டிப்படுத்தும் பொருள் சேர்த்திருக்கும், ஆடை கட்டாது. குங்குமப்பூ ரொட்டி செய்பவர்கள் பூவை முந்தைய இரவே வெந்நீரில் ஊறவைத்துவிடுவார்கள்.

கெர்னெவெக் மொழிக்குச் சங்கத்தில் பெரும்பாலும் 'டீத் டா' என்ற வணக்கமும் 'மேர் ராஸ்' என்ற நன்றியும்தான் புழக்கம். அதற்கு மேல் கற்க விரும்புபவர்கள் கார்ன்வாலிலிருந்து நடக்கும் இணைய வகுப்பில் சேர்கிறார்கள், கடிகாரத்தில் தடுமாறுகிறார்கள். மெல்பர்ன் நேரம் அங்கத்திய நேரத்தைவிட இங்கத்திய கோடையில் 11 மணி முன்னால், இங்கத்திய குளிர்காலத்தில் 9 மணி முன்னால். மார்ச் கடைசி ஞாயிறுக்கும் ஏப்ரல் முதல் ஞாயிறுக்கும் இடையிலும், அக்டோபர் முதல் ஞாயிறுக்கும் கடைசி ஞாயிறுக்கும் இடையிலும் 10. அங்கே மாலை 7 மணி வகுப்பு என்றால் இங்கே பிப்ரவரியில் மறுநாள் காலை 6, ஜூனில் விடிகாலை 4. ஆர்வத்தோடு சேர்ந்தவர்கள் ஜூனில் காணாமல் போவதற்குக் காரணம் இலக்கணம் அல்ல. அங்கத்திய சனி காலை 9 மணி வகுப்பு இங்கே மாலை 6 அல்லது 8-இல் வரும், அதைத் தேடிப் பிடியுங்கள். சங்க அலமாரியில் இருக்கும் பழைய பாடநூல்களில் எழுத்துமுறை நூலுக்கு நூல் மாறும். பொது எழுத்துமுறை 2008-இல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. தொடங்குபவர்கள் அதற்குப் பிந்திய நூலையே எடுப்பது நல்லது.

சந்தாவுக்கு உண்மையான வரவு பூர்வீகத் தேடலில் கிடைக்கிறது. தனியாகத் தேடுபவர்கள் நேரே கார்ன்வால் பதிவேட்டுக்குத் தாவி, ஒரே பத்தாண்டில் பிறந்த ஐந்து ஜான் வில்லியம்ஸ்களோடு மல்லுக்கட்டுவார்கள். அனுபவசாலிகள் இங்கிருந்து பின்னோக்கி நடக்கச் சொல்வார்கள். 1853 முதல் விக்டோரியா இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேறி எத்தனை ஆண்டு என்பதெல்லாம் எழுதும் வழக்கம் உண்டு. உங்கள் முன்னோரின் சான்றிதழில் வெறும் "கார்ன்வால்" என்று இருந்தால், கூடப்பிறந்தவர்களின் சான்றிதழையும் வாங்குங்கள். யாராவது ஒருவருக்கு வட்டத்தின் பெயர் விழுந்திருக்கும். பிறகு கார்ன்வால் திருச்சபை எழுத்தர்களின் இலவச இணையத் தரவுத்தளம். அங்கே ஞானஸ்நானம் இல்லையென்றால் கைவிட வேண்டாம். சுரங்கக் குடும்பங்கள் பல மெதடிஸ்டுகள், அவர்கள் பதிவு ஆங்கிலிக்கன் ஏட்டில் இருக்காது, மெதடிஸ்ட் 'சர்க்யூட்' எனப்படும் தேவாலயத் தொகுப்பின் பதிவேட்டில் இருக்கும்.

பயணங்களில் பெண்டிகோ ஒரு நாளில் ரயிலில் போய்வரக்கூடியது. தென் ஆஸ்திரேலியாவின் மூன்டா, கடினா, வாலரூ ஊர்களில் 1973 முதல் நடக்கும் கெர்னெவெக் லோவெண்டர் திருவிழா வேறு ரகம். ஒற்றைப்படை ஆண்டுகளின் மே மாதம், அடிலெய்டிலிருந்து ஏறக்குறைய 165 கிலோமீட்டர். சின்ன ஊர்கள், அறைகள் குறைவு. முந்தைய ஆண்டே பதிவு செய்யாதவர்கள் அடிலெய்டில் தங்கித் தினமும் ஓட வேண்டியதுதான். அங்கே எஞ்சின் வீட்டின் முன் நின்றால் ஒரு சுவர் மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருப்பதைக் கவனியுங்கள். தண்ணீர் இறைத்த எஞ்சினின் ராட்சத உத்தரம் அந்தச் சுவரின்மேல்தான் ஏறி இறங்கியது. அதனால்தான் கூரை போன பிறகும் அது நிற்கிறது.

குறை என்றால் வயதுதான். 50 வயதுக்காரர் அங்கே இளைஞர் அணி. பாட்டுத்தாள் 16 புள்ளி எழுத்தில் இல்லாவிட்டால் இரண்டாவது வரியிலேயே குரல் தேயும். செய்திமடலைத் தபாலில்தான் வேண்டும் என்பவர்கள் இருக்கும்வரை சந்தாவில் ஒரு பகுதி அஞ்சல்தலைக்கே போகும். குழந்தைகளோடு போகிறவர்கள் மாதக் கூட்டத்தைத் தவிர்த்து மார்ச் விழாவுக்கும் டிசம்பர் கரோல் பாட்டுக்கும் மட்டும் போனால் போதும். 45 நிமிடச் சுரங்க வரலாற்றை எந்தக் குழந்தையும் தாங்காது.

பதிவு பெற்ற சங்கம் நிதியாண்டு முடிந்து 5 மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். கணக்கு ஜூனில் முடிந்தால் அது நவம்பருக்குள் வரும். நிர்வாகக் குழுவுக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கும் நாள் அது. மரியாதைக்குத் தலையாட்டியவர் பொருளாளராகிவிடுவார். முதல் தடவை போகிறவர்கள் அதற்கு முந்திய ஏதாவது ஒரு சாதாரண மாதத்தில் போங்கள், தட்டில் ஏதாவது வைத்து.